நர்சம்மா பதில்கள்: கையில் குத்திய பச்சையும் காதில் விழும் எச்சரிக்கையும்

போன இதழில் ஒரு வாசகி தன் மாமியார் கையில் இருந்த பச்சைக் கோலத்தைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தார். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி பச்சை குத்துவதைப் பற்றித்தான். மழைக்காலம் என்பதால் மீதிக் கடிதங்கள் அணைத் தண்ணீர், புயல் கூண்டு, வாட்ஸ்அப்பில் வரும் எச்சரிக்கை பற்றி. இரண்டையும் கலந்தே பதில் எழுதுகிறேன். ஊத்துக்கோட்டைப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்த காலம் முழுக்க, அடையாளத்தையும் அறிவிப்பையும் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவள் நான். எது ஜனங்களிடம் நிற்கிறது, எது நிற்காமல் போகிறது என்பதைப் பற்றி எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் உண்டு.

கேள்வி: என் பாட்டியின் இரண்டு முன்கைகளிலும் பச்சை. ஒன்றில் கோலம். இன்னொன்றில் ஒரு தேளும், அவருடைய அண்ணன் பெயர் தெலுங்கு எழுத்திலும். வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ். என்ன அர்த்தம் என்று கேட்டால் “போகும்போது கூட வருவது இது ஒண்ணுதான்டி” என்கிறார். இணையத்தில் தேடினால் இடத்துக்கு ஒரு அர்த்தம் போட்டிருக்கிறார்கள். எது சரி?
— கல்லூரி மாணவி, புத்தூர்

பதில்: பாட்டி சொன்னதுதான் சரி, கண்ணு. கடைசி நாளில் மூக்குத்தியைக் கழற்றுவார்கள், வளையலைக் கழற்றுவார்கள். பச்சையை யாராலும் கழற்ற முடியாது. எங்கள் பக்கத்துக் கிழவிகள் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். இதை நம்பித்தான் வலியைப் பொறுத்துக்கொண்டு கையை நீட்டினார்கள்.

தேள் என்றால் இது, மீன் என்றால் அது என்று பட்டியல் போடுகிறார்களே, அதை வைத்துக்கொண்டு பாட்டியின் கையைப் படிக்கப் பார்க்காதே. தேளைக் குத்திக்கொண்டால் தேள் கொட்டாது என்ற நம்பிக்கை எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் “நாத்தனார் குத்திக்கிட்டா, நானும் குத்திக்கிட்டேன்” என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். பச்சை குத்தும் குறத்தியின் மடியில் கையை வைத்தபோது அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்ததோ, அதில்தான் அர்த்தம் இருக்கிறது.

என் பெரியக்காவுக்குக் குத்தியபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து மெல்லிய துணியில் தேய்த்து, துணியைத் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் போட்டு எரிப்பார்கள். விளக்கின் மேல் புதுச் சட்டியைக் கவிழ்த்தால் உள்பக்கம் கரி படியும். அந்தக் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலில் குழைத்தால் மை. 1909இல் எட்கர் தர்ஸ்டன் என்ற மானிடவியலாளர் எழுதி வைத்திருக்கும் முறையும் இதேதான். குறத்தி முதலில் ஒரு குச்சியால் கோலத்தை வரைந்தார். பிறகு நூலால் சேர்த்துக் கட்டிய ஊசிகளை எடுத்து, பாட்டுப் பாடிக்கொண்டே குத்தினார். கருப்பு மையும் ரத்தமும் கலந்து முத்து முத்தாக மேலே வரும், தண்ணீரால் துடைப்பார், மறுபடி குத்துவார். முடிந்ததும் மஞ்சள் பூசினார். கை வீங்கி, பொருக்குத் தட்டி, அது உதிர்ந்த பிறகுதான் பச்சை நிறம் தெரிந்தது. பாட்டு எதற்கு என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஊசி போடும்போது குழந்தையிடம் பேச்சுக் கொடுக்கும் வேலைக்கு நானே வந்த பிறகு புரிந்தது.

வாசல் கோலத்துக்கும் கைக் கோலத்துக்கும் உறவு உண்டு. ஜான் லேயார்ட் என்ற மானிடவியலாளர் 1937இல் நம் பக்கத்து வாசல் கோலங்களையும் பச்சைக் கோலங்களையும் சேர்த்து வைத்து ஆராய்ந்தார். இறந்தவர் போகும் பாதையோடு இவற்றுக்குத் தொடர்பு இருப்பதாக அவர் நினைத்தார். உன் பாட்டி ஆராய்ச்சி எதுவும் படிக்காமலேயே அதைச் சொல்லியிருக்கிறார்.

பாட்டியிடம் ‘அர்த்தம் என்ன’ என்று கேட்காதே. யார் குத்தினது, யார் கையைப் பிடிச்சுக்கிட்டது, அப்ப உனக்கு என்ன வயசு, யார் வேண்டாம்னு சொன்னாங்க என்று கேள். அண்ணன் பெயரை எழுதிக் கொடுத்தது யார் என்றும் கேள். அண்ணன் தெலுங்குப் பள்ளியில் படித்தவராக இருந்தால், அவரே சிலேட்டில் எழுதிக் காட்டியிருக்கலாம். சொல்லச் சொல்ல எழுதி வைத்துக்கொள்.

கேள்வி: என் அம்மாவும் ஆயாவும் ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்தியவர்கள். இன்று நகரத்தில் கடை போட்டுக் குத்துகிறவர்களைக் கலைஞர் என்கிறார்கள். எங்களைத் திருடர்கள் என்றார்கள். எங்கள் தொழிலைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்.
— அங்கன்வாடிப் பணியாளர், திருத்தணி அருகில்

பதில்: எழுதுகிறேன், தங்கச்சி. வெள்ளைக்காரன் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911இல் அதைத் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான். குறவர் சமூகத்தில் பல பிரிவினரைப் பிறப்பாலேயே குற்றவாளி என்று பதிவு செய்து, விரல் ரேகை எடுத்து, ஊரை விட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போகச் சொன்னான். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அது நீங்கியது, நாடு முழுக்க 1952இல். ஊருக்கெல்லாம் அடையாளம் போட்ட பெண்கள் மேல் அரசாங்கம் இப்படி ஒரு அடையாளத்தைப் போட்டது. இது பெரிய அநியாயம். அந்த வடு பேச்சில் இன்னும் மறையவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எந்தக் கிராமத்தில் தட்டம்மை வந்திருக்கிறது என்ற செய்தி எனக்கு முதலில் பச்சை குத்துகிற அம்மாவிடமிருந்துதான் வந்தது. நாகலாபுரம், சத்தியவேடு, பெரியபாளையம் என்று மாநில எல்லை பார்க்காமல் நடந்தவர் அவர். எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்காரவும், பெண்களின் கையைப் பிடிக்கவும் அவரால் முடிந்தது. பெரியம்மையை ஒழித்த 1970களிலும் இந்த வழியில்தான் செய்தி சேர்த்தார்கள். அம்மை போட்ட குழந்தையின் படம் அச்சடித்த அட்டையைச் சந்தையிலும் பள்ளியிலும் காட்டி, இப்படி யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டார்கள். தகவல் சொன்னவருக்குப் பரிசு உண்டு, கடைசியில் அது 1,000 ரூபாய் வரை போனது. படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் அந்தப் படம் புரிந்தது. உங்கள் அம்மா இருந்தால் அவரிடம் உள்ள பாட்டுகளைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். உங்கள் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கும் அந்தக் கோலங்களைப் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: பிச்சாட்டூர் அணை திறந்தால் எங்கள் குழுவில் தெலுங்கில் ஒரு செய்தி, தமிழில் ஒரு செய்தி, போன வருஷ வீடியோ ஒன்று, மூன்றும் ஒரே நேரத்தில் வருகின்றன. “5,000 கன அடி” என்கிறார்கள். எனக்கு வண்டியைத் தரைப்பாலத்தில் விடலாமா வேண்டாமா என்பதுதான் தெரிய வேண்டும். எதை நம்புவது? முன்பு மாதிரி தண்டோரா போடக் கூடாதா?
— ஷேர் ஆட்டோ ஓட்டுநர், ஊத்துக்கோட்டை

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட கேள்வியை அறிவிப்பு எழுதுகிறவர்கள் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆரணியாறு பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, சுருட்டப்பள்ளி வழியாக நம் ஊருக்கு வந்து, பெரியபாளையம், பொன்னேரிப் பக்கம் போய்ப் பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. அணை ஆந்திரத்தில், கரையோர ஊர்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில். திறப்பவர் ஒரு அரசாங்கம், நனைபவர் இன்னொரு அரசாங்கத்து ஜனம். தகவல் அந்தப் பக்கத்து அதிகாரியிடமிருந்து திருவள்ளூருக்கு வந்து, தாசில்தார், வருவாய் ஆய்வாளர், வி.ஏ.ஓ., ஊராட்சி என்று இறங்கி உங்களிடம் வருகிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரும் இறங்குகிறது.

ஒரு கன அடி என்றால் நொடிக்கு சுமார் 28 லிட்டர். 5,000 கன அடி என்றால் நொடிக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் லிட்டர். பொறியாளருக்கு இந்தக் கணக்கு தேவை. கரையில் இருப்பவருக்கு இதைச் சொல்லி என்ன பயன்? பழைய ஆட்கள் ஆற்றை வேறு மாதிரி சொல்வார்கள்: “பிள்ளையார் கோயில் ரெண்டாம் படி வரைக்கும் வந்துது”, “புளியமரத்து வேர் முங்கிச்சு.” அந்தப் படியும் வேரும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு தரைப்பாலத்திலும் பக்கத்துக் கல்லில் சிவப்பு வண்ணத்தில் ஒரு கோடு போட்டு, அணையில் இத்தனை கன அடி திறந்தால் இத்தனை மணி நேரத்தில் தண்ணீர் இந்தக் கோட்டைத் தொடும் என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுத வேண்டும். கோடு போடும் நாளில் ஊரைக் கூட்டி விளக்கிச் சொல்ல வேண்டும். ஐப்பசி அடைமழைக்கு முன்னால், ஆடியிலேயே செய்ய வேண்டிய வேலை இது. மழை கொட்டும்போது புதிதாக ஒரு எண்ணைக் கற்றுக்கொள்ள யாருக்கும் மனசு இருக்காது.

தண்டோரா பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னார், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்றார். நான் அதை முழுமனதோடு வரவேற்றேன். ஊருக்கே செய்தி சொன்ன மனிதரைத் தெருக்கோடியில் நிறுத்தி வைத்த வழக்கம் அது. ஆனால் அவர் செய்த ஒரு காரியம் ஒலிபெருக்கியில் விட்டுப்போயிற்று. அவர் நின்றார். “எந்த ஆறுப்பா? எப்ப வருமாம்?” என்று கேட்டால் பதில் சொன்னார். ஆட்டோ நிற்பதில்லை. காற்றிலும் மழையிலும் ‘பொதுமக்களே’ என்பது மட்டும் காதில் விழுகிறது, மிச்சம் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. உங்கள் ஆட்டோவிலேயே ஒலிபெருக்கி கட்டினால், ஒவ்வொரு முனையிலும் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இரண்டு தடவை சொல்லி, கேள்வி கேட்க ஆள் வருகிறாரா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

வாட்ஸ்அப் செய்தியில் தேதி, நேரம், அணையின் பெயர், சொன்ன அதிகாரியின் பதவி நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் யாருக்கும் அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், ஆழம் எவ்வளவு என்று பார்க்காதீர்கள், வண்டியை விட வேண்டாம்.

கேள்வி: “10ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது” என்று டிவியில் சொல்லும்போதெல்லாம் வீட்டில் எல்லோரும் பதறுகிறார்கள். 9 என்றால் கொஞ்சம் ஆறுதல். இது சரியா? இன்னொன்று: என் அப்பா கையில் அவர் பெயரும் ஊர்ப் பெயரும் தமிழிலும் தெலுங்கிலும் பச்சை குத்தியிருக்கிறது. கடலில் ஏதாவது ஆகி எந்தக் கரையில் ஒதுங்கினாலும் தெரியட்டும் என்று குத்திக்கொண்டாராம்.
— மீனவர் மகன், பழவேற்காடு

பதில்: அந்தக் கூண்டு கப்பல்காரர்களுக்காக ஏற்படுத்தியது. 1865இல் கல்கத்தா துறைமுகத்தில் தொடங்கிய ஏற்பாடு. பகலில் கம்பத்தில் உருளையும் கூம்பும் கட்டுவார்கள், ராத்திரியில் சிவப்பு, வெள்ளை விளக்கு. 1, 2 என்றால் புயல் தூரத்தில், கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம். 5, 6, 7 அபாயம், 8, 9, 10 பெரும் அபாயம்.

இப்போது உங்கள் கேள்வி. 8, 9, 10 மூன்றும் ஒரே அளவு ஆபத்து. புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதைச் சொல்வது 8, 9. நேர் மேலாகவோ மிக அருகிலோ கடக்கும் என்றால் 10. எனவே ‘9 தானே’ என்று ஆறுதல் அடைய ஒன்றும் இல்லை. 10க்கும் மேலே 11 என்று ஒரு எண் இருக்கிறது. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, நிலைமை மோசம் என்று துறைமுக அதிகாரியே முடிவு செய்கிறார் என்பதுதான் அதற்கு அர்த்தம். செய்தி நின்றுபோனதையே ஒரு செய்தியாகச் சொல்ல வழி வைத்திருக்கிறார்களே, அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களை நான் மதிக்கிறேன். நம் வீட்டுக்கும் அப்படி ஒரு ஒப்பந்தம் வேண்டும்: செல்போன் சிக்னல் போனால், யாரையும் எதிர்பார்க்காமல், இன்ன பாதையில், புயல் பாதுகாப்பு மையத்துக்கு நடந்துவிடுவது என்று.

கரையில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது வானிலைத் துறை சொல்லும் நிறங்களை. பச்சை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். மஞ்சள் என்றால் செய்தியைக் கவனித்துக்கொண்டிரு. ஆரஞ்சு என்றால் தயாராகு. சிவப்பு என்றால் உடனே காரியத்தில் இறங்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் நம் கரையை ஒட்டியே போய் பாபட்லா அருகில் கரை கடந்தது. புயல் கடந்தது ஆந்திரத்தில், வெள்ளத்தில் நின்றது சென்னையும் திருவள்ளூரும். அதனால் ‘எங்கே கரை கடக்கிறது’ என்ற ஒரே வரியை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் ஊரில் பஞ்சாயத்து கூடி ‘யாரும் கடலுக்குப் போகக் கூடாது’ என்றால் ஒரு படகும் இறங்காது. ஏரியில் யார் எப்போது எங்கே வலை போடுவது என்று ‘பாடு’ பிரித்துக்கொள்வதையே பேசி முடிவு செய்கிற ஊர். எச்சரிக்கை முதலில் அந்தப் பஞ்சாயத்தாரிடம் நேரில் போய்ச் சேர வேண்டும் என்று மீன்வளத் துறையிடம் கேளுங்கள்.

உங்கள் அப்பாவின் கையைப் பற்றி எழுதியதைப் பலமுறை படித்தேன். யார் படிப்பார்கள், எந்த மொழியில் படிப்பார்கள், எந்த நேரத்தில் படிப்பார்கள் என்று எல்லாவற்றையும் யோசித்து எழுதிய செய்தி அது. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: 2020 கொரோனா சமயத்தில் என் தம்பி பெங்களூரிலிருந்து வந்தபோது கையில் முத்திரை குத்தி அனுப்பினார்கள். ஊருக்குள் விடவில்லை. கடைக்காரர் காசை வாங்கவில்லை. மை அழிந்த பிறகும் அவன் வெகுநாள் முழுக்கைச் சட்டைதான் போட்டான். அரசாங்கம் செய்தது சரியா?
— வாசகி, நகரி

பதில்: தம்பி பட்டது எனக்குப் புரிகிறது அம்மா. அந்த நாட்களில் இரண்டு மாநிலத்து ஆட்களையும் பார்த்தவள் நான்.

2020 மார்ச்சில் மகாராஷ்டிராவும் கர்நாடகாவும் வீட்டுத் தனிமையில் இருக்க வேண்டியவர்களின் புறங்கையில், எந்தத் தேதி வரை என்று போட்டு, முத்திரை குத்தத் தொடங்கின. ஓட்டுப் போட்டால் வைக்கிற அழியாத மைதான் அது. 1962 பொதுத்தேர்தலிலிருந்து மைசூரில் தயாராகி வருகிறது. அதில் இருக்கும் சில்வர் நைட்ரேட் தோலில் பட்டு வெளிச்சம் ஏறினால் கறுத்துவிடும். அதே மையை விரலில் வைத்துக்கொண்டு ஓட்டுப் போட்டவர்கள் சந்தோஷமாகப் படம் எடுத்துப் போடுகிறார்கள். உங்கள் தம்பி கையை மறைத்தார்.

நோய் பரவாமல் ஆட்களைப் பிரித்து வைப்பது அவசியம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த முத்திரை ‘ஒதுங்கு’ என்று மட்டும் சொன்னது. நம் வீடுகளில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலைக் கொத்து சொருகுவோம் அல்லவா? அதைச் சொருகுவது அந்த வீட்டுக்காரர்களே. பார்த்தவர் உள்ளே போக மாட்டார், ஆனால் இளநீரும் மோரும் வாசலில் வைத்துவிட்டுப் போவார். தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகு கொத்தை எடுத்துவிடுவார்கள், அத்தோடு சரி. உள்ளே வராதே என்பதும், உள்ளே ஒருவர் கஷ்டப்படுகிறார் என்பதும் ஒரே கொத்தில் இருந்தன. சின்னக் குழந்தைக்கும் அது தெரிந்திருந்தது. முத்திரை குத்தியவர்கள், அந்தக் கையைப் பார்க்கப்போகிற ஊருக்கு எதையும் சொல்லவில்லை. சாமான் வாங்கிக் கொடுக்க வேண்டும், தேதி முடிந்தால் பழையபடி பழக வேண்டும் என்று யாரும் ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. சொல்லாத இடத்தைப் பயம் நிரப்பியது.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். 1849இல் அதை ஒழித்தார்கள். உடம்பில் அரசாங்கம் போடும் எழுத்து என்றால் ஜனங்களுக்கு உள்ளுக்குள் கூசுவதற்குப் பழைய காரணங்கள் இருக்கின்றன. நோயாளியின் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியதும் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி உத்தரவிட்டால் ஒழிய ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பர் 9 அன்று சொல்லிவிட்டார்கள்.

அரசாங்கம் போடுகிற எல்லா அடையாளமும் இப்படி இல்லை. 1995இல் பல்ஸ் போலியோ தொடங்கியது. சொட்டு மருந்து கொடுத்ததும் குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைப்போம். விடுபட்ட குழந்தைகளைத் தேடி வீடு வீடாகப் போகும்போது கதவோரம் சாக்பீஸால் எழுதுவோம்: எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாயிற்று என்றால் ‘பி’, யாராவது பாக்கி என்றால் ‘எக்ஸ்’. எழுதும் முன் “இது எதுக்குன்னா…” என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுவேன். ‘எக்ஸ்’ போட்டால் நான் திரும்பி வர வேண்டும் என்று அர்த்தம், அவர்கள் தப்பு செய்தார்கள் என்று அர்த்தமில்லை. மை வைத்த விரலைப் பிள்ளைகள் தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடுவார்கள். நாட்டில் கடைசி போலியோ 2011 ஜனவரி 13 அன்று ஹவுராவில், 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லை என்று சான்று கிடைத்தது. என் வாழ்க்கையில் நான் பெருமைப்படும் வேலை அது.

தம்பியிடம் சொல்லுங்கள், முத்திரையோடு ஊருக்கு வந்து, சொன்ன நாள் வரை தனியாக இருந்து, நோயை யாருக்கும் கொடுக்காமல் காத்தவர் அவர். அந்த நன்றியை ஊர் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கும் தமிழர்கள். மழை அறிவிப்பு எல்லாம் மலையாளத்தில். எனக்குப் புரியும், அம்மாவுக்குப் புரியாது. பெட்டிமுடிக்குப் பிறகு மழை என்றாலே தூக்கம் இல்லை.
— வாசகர், மூணாறு

பதில்: 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள். நம் ஜனம், தோட்டத்து ஜனம். மின்சாரமும் செல்போன் தொடர்பும் இல்லாததால் மறுநாள் காலையில்தான் வெளியே செய்தி தெரிந்தது. அதனால் மொழி மட்டும் போதாது, தம்பி. சிக்னல் இல்லாத ராத்திரியிலும் வேலை செய்யும் ஏற்பாடு வேண்டும்.

தோட்டங்களில் மழைமானி வைத்துத் தினமும் அளந்து எழுதுவார்கள். ஒரு நாளில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் அது அதி கனமழை, சிவப்பு எச்சரிக்கைக்கான அளவு. மழை நாட்களில் சாயங்கால அளவை லயத்துக்கு லயம் ஒருவர் வந்து தமிழில் சொல்ல வேண்டும் என்று நிர்வாகத்திடமும் ஊராட்சியிடமும் எழுதிக் கேளுங்கள். எந்த அளவு தாண்டினால், எந்தக் கட்டடத்துக்கு, எந்த வழியாகப் போவது என்பதை நிலவியல் தெரிந்த அதிகாரியை வைத்து இப்போதே முடிவு செய்யுங்கள். மழை இல்லாத நாளில் ஒரு தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுத இடம் இருக்கிறது. ஆஷா பணியாளரைக் கையோடு சேர்த்துக்கொள்ளுங்கள், கதவைத் தட்டி எழுப்ப அவரை விட நல்ல ஆள் கிடைக்காது.

கேள்வி: திருவிழாவில் பேட்டரி மெஷினில் பச்சை குத்திக்கொள்ளலாமா? குத்தினால் ரத்ததானம் செய்ய முடியாதா? ராணுவத்தில் எடுக்க மாட்டார்களா?
— பிளஸ் டூ மாணவர்கள், கும்மிடிப்பூண்டி

பதில்: உங்கள் முன்னால் பிரிக்கிற புது ஊசி, உங்களுக்கென்று தனியாக ஊற்றிய மை, புதுக் கையுறை. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் கையை நீட்டாதீர்கள். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். குத்திய பிறகு 12 மாதம் ரத்தம் கொடுக்கக் கூடாது. ராணுவத்தில் முன்கையின் உள்பக்கம் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையும், புறங்கையிலும் இருந்தால் ஏற்பார்கள், மற்ற இடத்தில் இருந்தால் மாட்டார்கள். பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி விலக்கு உண்டு. பதினெட்டு முடியட்டும், அப்புறம் யோசியுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். தனியாகப் பஸ்ஸில் போய் வருகிறார். மயங்கி விழுந்தால் தெரியட்டும் என்று ரத்த வகையையும் ‘சர்க்கரை’ என்பதையும் கையில் பச்சை குத்திக்கொள்ளப் போகிறேன் என்கிறார்.
— வாசகி, சத்தியவேடு

பதில்: வேண்டாம் அம்மா. கையில் இருக்கும் எழுத்தை நம்பி எந்த ஆஸ்பத்திரியிலும் ரத்தம் ஏற்ற மாட்டார்கள், மறுபடி சோதித்துத்தான் ஏற்றுவார்கள். அதனால் ரத்த வகை குத்தி ஒரு பயனும் இல்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குக் குத்திய இடம் ஆறவும் நாளாகும், சீழ் பிடிக்கவும் கூடும். ஒரு அட்டையில் பெயர், சர்க்கரை நோய், போடுகிற இன்சுலினின் பெயர், அளவு, உங்கள் போன் நம்பர் இவற்றை எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வையுங்கள். மருந்து மாறும்போது அட்டையையும் மாற்றுங்கள். ‘மயங்கி இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள், விழிப்போடு தடுமாறினால் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுங்கள்’ என்பதை முதல் வரியாக, பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. அவர் போகிற பஸ் கண்டக்டரிடமும் இறங்குகிற இடத்து டீக்கடையிலும் ஒரு தடவை அந்த அட்டையைக் காட்டி, எந்தப் பையில் இருக்கும் என்று சொல்லி வையுங்கள்.